பூஜ்யம் காட்டிய மீட்டர்

வாஷிங் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்றாள் மனைவி. வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்தேன், பூஜ்யம். "எல்லாம் உன் பிரமை" என்றேன். நான் வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டி கம்பெனியில், கரண்ட் வரும் பிளக்கில் மீட்டரைச் சோதிக்காமல் எதையும் அளக்க மாட்டேன். புத்தூர் வீட்டில் அதெல்லாம் எதற்கு?

மறுநாள், போனுக்குச் சார்ஜ் ஏறிய பிளக்கிலும் அது பூஜ்யம்தான் காட்டியது. மீட்டரைக் கழற்றினேன். பேட்டரி, ஃபியூஸ் இரண்டும் நன்றாகவே இருந்தன. மூடி மறுபடி பிளக்கில் வைத்து, மீட்டரின் கருப்பு ஒயரை வளைத்தபோது மட்டும் எண்கள் துள்ளின. உறைக்குள்ளே கம்பி அறுந்திருந்தது. வெட்டி, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்ததும் அதே பிளக்கில் இருநூற்று முப்பது வோல்ட் வந்தது.

குளியலறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "என்ன பண்றே?" என்று கத்தினேன்.

"நீதான் ஒண்ணும் இல்லன்னியே," என்றாள் உள்ளேயிருந்து. "ஈரத்துல வெறுங்காலோட நின்னுக்கினு துணி எடுக்கிறேன்."