வேட்பாளர் டூட்டியில் இருக்கிறார்

போன மாதம் ஒரு சாயங்காலம், எதிர் ஃபிளாட் ஜெயந்தி கதவைத் தட்டினார். கையில் ஒரு காகிதம்.

"சார், நான் எலெக்‌ஷன்ல நிக்கிறேன்."

தூக்கிவாரிப் போட்டது. அயனம்பாக்கத்தில் இப்போது ஏது தேர்தல்? அதுவும் எந்தக் கட்சி?

"கட்சியெல்லாம் இல்ல சார். எங்க தெரபிஸ்ட் சங்கத்துக்குச் செயலாளரா. நோட்டீஸ்ல தப்பு இருக்கான்னு பார்த்துக் குடுங்க."

ஜெயந்தி ஒரு ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் வேலை. மூச்சுவிட முடியாதவர்களுக்கு வென்டிலேட்டர் வைக்கிறார்கள் அல்லவா... அந்த மிஷினையும் அதில் இருப்பவரையும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறவர். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவர் கணவரே "காத்தடிக்கிற டிபார்ட்மென்ட்" என்றுதான் கிண்டலடிப்பார்.

எனக்கும் பல நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. பேசும்போது இந்தப் பெண் ஏன் என் சட்டைப் பையையே பார்க்கிறார்? பேனா பிடித்திருக்கிறதோ? அன்று கேட்டே விட்டேன்.

"ஐயோ, பேனா இல்ல சார். நெஞ்சு ஏறி இறங்குறதை எண்ணுவேன். பழக்கம் ஆயிடுச்சு."

நோட்டீஸைப் படித்தேன். எதிர்த்து நிற்கும் குணசேகர் பதினாறு வாக்குறுதி கொடுத்திருந்தார். மாநாடு, புது அடையாள அட்டை, எல்லாருக்கும் கோட்டு. ஜெயந்தியிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. டூட்டியில் இருப்பவர்களுக்கும் ஓட்டு வேண்டும்.

"இதுக்காகவா நிக்கிறீங்க?"

"ஆமா சார். நேர்ல வந்து போட்டாத்தான் ஓட்டுன்னு ரூல் வெச்சிருக்காங்க. ஆனா எல்லாரும் வர முடியுமா? ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் யாராவது ஒருத்தர் மிஷின் பக்கத்துல நின்னே ஆகணும். லீவுல இருக்கிறவங்களுக்கு ஓட்டு, வேலை பார்க்கிறவங்களுக்கு இல்ல. இது என்ன நியாயம்? முன்கூட்டியே கவர்ல போட்டு அனுப்ப விடுங்கன்னு மூணு கூட்டத்துல கேட்டேன். ரெண்டு பேர் ஓட்டு போனா என்ன ஆயிடப் போகுதுன்னு சிரிக்கிறாங்க."

எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் அவர் போனில் ஓட்டுக் கேட்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன்.

"வணக்கம் சார், ஜெயந்தி பேசுறேன்... என்ன சார் இப்படி இருமுறீங்க? எத்தனை நாளா? சளி என்ன கலர்? படுத்தா ஜாஸ்தியாகுதா? நாளைக்கே டாக்டரைப் பாருங்க. சரி, வெச்சிடுறேன்."

"ஓட்டு?" என்றேன்.

"அய்யய்யோ!"

மறுபடி கூப்பிடக் கூச்சம். அப்படியே விட்டுவிட்டார். எத்தனையோ வேட்பாளர்களைப் பார்த்திருக்கிறேன், ஓட்டைத் தவிர எல்லாவற்றையும் விசாரித்த வேட்பாளர் இவர்தான்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஹால், பத்து மணி முதல் ஒரு மணி வரை. எனக்கு அங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்கப் போனேன்.

அங்கே ஒரு வழக்கம் கண்டேன். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள் முதலில் ஓட்டுப் போடுகிறார்கள். பாவம், போய்த் தூங்க வேண்டுமே. வேட்பாளர்கள் கடைசியில்தான் போட வேண்டுமாம். எழுதி வைத்த விதி இல்லை, மரியாதை. ஜெயந்தியும் குணசேகரும் வாசலில் ஜோடியாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றுக்கு ஜெயந்திக்கு போன். பேசி முடித்தவர் ஹேண்ட்பேகை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டி பக்கம் நடந்தார். "வந்துடுறேன் சார், ஒரு மணிக்குள்ள."

அவர் வரவில்லை. ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். குணசேகர் ஜெயித்தார். வித்தியாசம்... ஒரே ஒரு ஓட்டு.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனேன். ஜெயந்தியோடு வேலை பார்க்கும் மோகன், அம்பத்தூர்க்காரப் பையன், சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"நான்தான் சார் போன் பண்ணேன். டூட்டில கீறேன், மாத்திவுட ஆளு இல்ல, ஓட்டு போட முடியலக்கான்னு சும்மா பொலம்புனேன். இது ஓடியாந்து நிக்குது. நான் குணா அண்ணனுக்குதாங்கா போடுவேன்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னேன் சார். அவருதான் எனுக்கு வேலை வாங்கிக் குடுத்தாரு."

"அதுக்கு இவங்க என்ன சொன்னாங்க?"

"உன் ஓட்டு, நீ யாருக்கு வேணா போடு, மொதல்ல கெளம்புன்னுச்சு."

பன்னிரண்டேகாலுக்கே மோகன் ஓட்டுப் போட்டுத் திரும்பிவிட்டான். அதற்குள் டாக்டர் ஒரு பெரியவருக்குச் சோதனை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். மிஷின் உதவியைக் குறைத்துவிட்டு, அவர் தானாக மூச்சு விடுகிறாரா என்று அரை மணி நேரத்துக்கு மேல் கூடவே நின்று பார்ப்பது.

"நான் பாத்துக்கினுகீறேன், நீ போக்கான்னு எவ்ளோ கெஞ்சுனேன் சார்! நவரலையே."

"எப்படி நகர்றது?" என்றார் ஜெயந்தி. "அந்தப் பெரியவருக்கு ஒரே பயம். இழுங்கய்யா, மெதுவா விடுங்கய்யான்னு நான் சொல்லச் சொல்லத்தான் விடுறாரு. நடுவுல ஆள் மாறினா பயந்துடுவாரு. திரும்ப மிஷின்தான்."

சோதனை முடியும்போது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. பெரியவர் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஜெயந்தி ஓட்டுப் போடவில்லை.

"வருத்தமா இல்லையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது... ஆனால் எனக்கு ஆர்வம் விடாதே.

"இல்லாம இருக்குமா சார்? பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டுத்தான் வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு. ரெண்டு பேர் ஓட்டு போனா என்ன ஆயிடும்னு இத்தனை நாளாக் கேட்டாங்க இல்ல? அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு, இதோ, இதுதான் ஆகும்னு என்னையே காட்டுவேன்."

மோகன் சட்டென்று கை தூக்கினான். "நானும் எந்திரிச்சு நிப்பேன்கா."

தோற்ற வேட்பாளருக்கு, தோற்கடித்தவனே முதல் ஆதரவாளர். இதை வேறு எந்தத் தேர்தலில் பார்க்க முடியும்? நெஞ்சு நிறைந்து போனது எனக்கு.

"நீங்க எல்லா எலெக்‌ஷன்லயும் கரெக்டா ஓட்டுப் போட்டுடுவீங்க இல்ல சார்?" என்று ஜெயந்தி கேட்டார். தலையாட்டி வைத்தேன். எங்கள் அபார்ட்மென்ட் சங்கத் தேர்தல் அன்று பெட்டி தரைத்தளத்தில் இருந்தது, நான் மூன்றாவது மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.