கிருபை என்றால் போனஸ்

எனக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் சபையில் திடப்படுத்தல் ஆராதனைக்கு என் பெயரையும் எழுதினார்கள். பிள்ளைகள் தங்கள் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டு, முதன்முதலாகத் திருவிருந்து எடுக்கும் நாள் அது. எனக்கு வெள்ளைக் கவுன் வில்லியனூரில் தைத்து வந்துவிட்டது. பாகூர் மாமா குடும்பத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார். பிரியாணி மாஸ்டருக்கும் சொல்லியாகிவிட்டது. விசுவாசத்தைத் தவிர மற்றதெல்லாம் தயார்.

கரையாம்புத்தூர் பக்கம், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே எங்கள் சின்ன ஆலயம். பழைய போதகர் பிரசங்கம் செய்தால் உற்சாகமாக இருக்கும். இந்த வருஷம் உனக்கு வீடு உண்டு, வேலை உண்டு, வண்டி உண்டு என்பார். ஆமென் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். வண்டிக்கு மட்டும் சித்தப்பா இரண்டு ஆமென் சொல்வார். பாவம், மன்னிப்பு எல்லாம் பாட்டில் வந்தால்தான் உண்டு. ஒரு காலத்தில் விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தந்த ஞானோபதேசப் புத்தகங்கள், கட்டோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தன.

அவர் மாற்றலாகிப் போய், ஒல்லியாக, மெல்லப் பேசுகிற இளம் போதகர் ஒருவர் வந்தார். திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்த எங்கள் ஐந்து பேரையும் உட்காரவைத்து, "கிருபைன்னா என்ன?" என்று கேட்டார்.

பெரியப்பா மகன் உடனே எழுந்தான். "கடைசி வூட்டு அக்கா பேரு ஐயா."

அவர் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். நான் சபை மூப்பரின் மகள். தெரியாது என்று சொல்ல முடியுமா? "நாம ஒழுங்கா இருந்தா கடவுள் குடுக்குற போனஸ்" என்றேன். திருபுவனை ஃபேக்டரியில் சூப்பர்வைசரான அப்பா ஒருமுறை அப்படிச் சொல்லிக் கேட்டிருந்தேன். அதையும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன்.

அந்த ஞாயிறே போதகர் அறிவித்துவிட்டார். திடப்படுத்தல் இரண்டு மாதம் தள்ளிவைக்கப்படுகிறது. பிள்ளைகளோடு பெற்றோரும் வகுப்புக்கு வரவேண்டும்.

அப்பா கொதித்துப்போனார். "இன்னா ஐயா, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சி. இப்ப போயி தள்ளிவெக்கறீங்களே?" என்று ஆலய வாசலிலேயே கேட்டார். வீட்டுக்கு வந்ததும், போதகரை மாற்றச் சொல்லித் தலைமைக்கு ஒரு மனு எழுதினார். வாரம் முழுக்கத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பதாக ஏற்பாடு.

அன்று காலை அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என் கவலை. "அப்பா, போனஸ் இல்லன்னா கிருபைன்னா இன்னாப்பா?" என்றேன். சரியான பதிலைச் சொல்லிவிட்டால் தேதி தள்ளிப்போகாது என்று நினைத்திருந்தேன்.

"அம்மாவ கேளு."

அம்மா சித்தப்பாவைக் காட்டினாள். சித்தப்பா தலையை நிமிர்த்தாமல், "கூகுள்ல போடு" என்றார். அப்பா சட்டையின் ஒரே கையை மூன்று முறை தேய்த்தார்.

ஆராதனை முடிந்தது. அப்பா மனுவோடு எழுந்தார். சித்தப்பா கைதட்டத் தயாராக இருந்தார். போதகர், "சொல்லுங்கண்ணே" என்று ஒதுங்கி நின்றார். அப்பா தாளைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எம் பொண்ணு காலைல ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. இருவது வருஷமா முன்னாடி உக்காந்திருக்கேன். தெரியல."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ, "எனுக்குந்தான் தெரியாதுபா" என்றார்கள். ஆலயமே சிரித்தது.

"சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணி. டீ நான் போடறேன்" என்றார் போதகர்.

புத்தகக் கட்டை உருவியதில் ஸ்பீக்கர் பெட்டி சாய்ந்துகொண்டது, யாரும் நிமிர்த்தவில்லை. பெரியவர்கள் ஞாயிறு பள்ளியின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். சித்தப்பா என் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தார். கிருபை கூலி இல்லை, தகுதி பார்க்காமல் சும்மா கொடுப்பது என்று போதகர் சொன்ன அன்று அப்பா எழுந்து நின்றே சண்டை போட்டார். "வேலைக்கே வராதவனும் வாங்கிட்டுப் போவானா? அதெப்படி ஐயா?" அந்த ஒரு கேள்விக்கு மூன்று சனிக்கிழமை போயிற்று. மூன்றாவது வாரம் அப்பா எழுந்து நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திடப்படுத்தலும் நடந்தது, பிரியாணியும் நடந்தது. அதற்குள் நான் வளர்ந்துவிட்டதால் கவுனுக்கு அடியில் அம்மா லேஸ் வைத்துத் தைத்தாள்.

ஆனால் மனுவை மடித்த அந்த ஞாயிறுதான் எனக்கு வெகுகாலம் புரியவில்லை. அப்பாவின் மானமே போய்விட்டது என்று பைக்கின் பின்னால் அழுகையோடு உட்கார்ந்திருந்தேன். அவரோ வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார். "அசிங்கமா இல்லையாப்பா?" என்றேன். "பசிக்குது பாப்பா" என்று ஒரு கடையில் நிறுத்தி, எட்டு இட்லி சாப்பிட்டார். அவமானப்பட்ட மனுஷன் இப்படியா சாப்பிடுவார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இருபது வருஷம் பயந்து உட்கார்ந்திருந்தவரை அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டுவிட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தை இறக்கிவைத்தது என் கேள்விதான் என்பதும்.