எல்னாவின் நான்கு சென்டிமீட்டர்

எல்னா ஸ்கவ்போ ஆள் குட்டை, வாய் நீளம். டென்மார்க்கின் யூட்லாண்டில் ஒரு துறைமுக ஊரில் மீனவர் வீட்டு ஆறாவது பெண்ணாகப் பிறந்தவள். ஆறு பேரில் கடைசி என்றால் கத்தினால்தான் தட்டில் உருளைக்கிழங்கு விழும். அந்தப் பழக்கம் அவளை விடவேயில்லை. பள்ளி முடித்த கையோடு நகரமன்றத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் அழைப்புகளை இணைக்கும் அந்த போர்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

1954-இல் புது நகரமன்றம் கட்டினார்கள். கோபன்ஹேகனிலிருந்து வந்த தோர்சாகர் என்ற கட்டிடக் கலைஞர் சுவரோடு நிற்கவில்லை. கதவுப்பிடி, கோட் மாட்டும் கொக்கி, சாம்பல் கிண்ணம், நாற்காலி, எல்லாமே அவர் வரைந்ததுதான். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, அதை எல்னாவும் மறுத்ததில்லை. ஆனால் மனிதர் ஆறடிக்கு மேலே. தன் முழங்காலை அளந்துதான் நாற்காலி வரைந்திருக்கிறார் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

அவள் கால் தரையில் படவில்லை. சாயங்காலம் கணுக்கால் வீங்கி ஷூவுக்குள் நுழையாது. இரண்டு டெலிபோன் டைரக்டரிகளைக் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். காவலாளி ஓஸ்வால்ட் தினமும் அவற்றை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவார். தோர்சாகர் வரைந்த படத்தில் இல்லாத பொருள் தரையில் இருக்கக் கூடாது என்று கட்டிடக் குழுவின் உத்தரவு. மூன்று முறை மனு கொடுத்தாள். நாற்காலி சரியாகத்தான் இருக்கிறது என்று மூன்று முறையும் ஒரே பதில்.

மூன்றாவது பதில் வந்த வாரம், திங்கட்கிழமை காலை, கறுப்பு ரொட்டிப் பொட்டலத்தோடு அப்பாவின் ரம்பத்தையும் பையில் கொண்டுவந்தாள். அலுவலகம் திறக்குமுன் நாற்காலியின் நான்கு காலிலும் நான்கு சென்டிமீட்டர் அறுத்துத் தள்ளினாள். பிறகு உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக இரண்டு குதிகாலும் தரையைத் தொட்டன. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை குழு கூடியது. அறுத்த நாற்காலியைப் பிணம் போல மேஜைமேல் கிடத்தியிருந்தார்கள். தோர்சாகரே ரயிலேறி வந்திருந்தார். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேலை போகும் என்றார்கள். ஊரில் வேறு போர்டு கிடையாது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

"நாலு சென்டிமீட்டர் போனா நான் வரைஞ்ச கோடே போச்சும்மா," என்றார் தோர்சாகர், உண்மையான வருத்தத்தோடு.

"கோடு உங்களோடது சார். வீங்குற காலு என்னோடது."

மேயர் பிரிக்ஸ் அவளை உட்காரச் சொல்லி அறுபடாத ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள், கால் தொங்கியது. எதிரே மேயர் சௌகரியமாகச் சாய்ந்திருந்தார். மீன் வியாபாரியான அவர் அவளைவிட ஒரு விரல் குட்டை. ஊருக்கே தெரிந்த விஷயம். அப்புறம் இவருக்கு மட்டும் எப்படி வலிக்காமல் இருக்கிறது?

எல்னா எழுந்து மேஜையைச் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தாள். மேஜையின் முன்பக்கப் பலகை மறைத்திருந்த இடத்தில், அவர் காலுக்கு அடியில், ஒரு ஹெர்ரிங் மீன்பெட்டி. அதை இழுத்து எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் வைத்தாள்.

"இதுவும் படத்துல இல்லியே, மேயர் ஐயா," என்றாள்.

பிரிக்ஸின் கால் இரண்டும் அந்தரத்தில் நின்றன. கோபத்தில் சிவந்தாரா வெட்கத்திலா, சொல்ல முடியாது. வேண்டுமானால் அவளுக்கும் அப்படியொரு பெட்டி போட்டுத் தரலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்க ஒளிச்சு வச்சுக்கிட்டீங்க. நான் ஒளிக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன்."

நாற்காலியை மேஜையிலிருந்து இறக்கி, தானே தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. அன்றைக்கு முடிவு எழுதவும் யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் காலை போர்டில் முதல் விளக்கு எரிந்தது. மேயரின் அறையிலிருந்து அழைப்பு.

"எல்னாம்மா, அந்த ரம்பம்... இன்னும் உங்ககிட்டதான் இருக்கா?"

"இருக்கு. நாற்காலிய நீங்களே தூக்கிட்டு வாங்க," என்றாள் எல்னா. "ஓஸ்வால்டை அனுப்பக் கூடாது. நடுக் கூடம் வழியா, எல்லாரும் பாக்க வரணும்."