ஏழு நாள் தண்ணீர்

அம்மா போன பிறகு வந்த முதல் மாரியில் கூரை ஒழுகத் தொடங்கியது. எங்கள் வீடு துறைமுகத்துப் பக்கம். உப்புக் காற்றில் ஓட்டுக்கு அடியில் இருந்த மரமெல்லாம் உக்கிப்போயிருந்தது. அறுபது வயதில், கல்யாணமும் கட்டாமல், யாருக்காக வீட்டைத் திருத்துகிறாய் என்று வெளிநாட்டிலிருந்து தம்பி தொலைபேசியில் கேட்டான். "மழை என்ர தலையிலதானே விழுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கர் வேலை பார்த்து, அதற்கே பேரெடுத்தவள்.

சம்பூரிலிருந்து ஒரு மேசனும் அவருடைய மனைவியும் வேலைக்கு வந்தார்கள். அவள் சாந்து குழைத்துக் கொடுப்பாள்; அவர் பூசுவார். சண்டைக்குள் ஊரைவிட்டு ஓடி, வருடங்கள் கழித்துத் திரும்பிப் போய், தங்கள் வீட்டைத் தாங்களே இரண்டாம் தரம் கட்டியவர்கள். முதல் நாளே படியில் சீமெந்தைச் சிந்தியதற்கு ஏசினேன். "அக்கா, நாங்கள் வீடு திருத்த வந்தனாங்கள், கோயில் கும்பிட வரேல்லை" என்றாள் அவள். அந்தக் கணமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

பத்து மணிக்குப் பால் விடாத பிளேன்ரீ மூன்று கோப்பை. மத்தியானம் பின் விறாந்தையில் மூன்று பேருக்கும் சோறு. சுவர் கோணல் என்று அவர் பழைய மேசனைத் திட்டுவார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று அவள் சிரிப்பாள். கறிக்கு உப்புக் காணாது என்று இருவரும் என் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அம்மா போன பிறகு என் கறிக்கு உப்புக் காணுமா காணாதா என்று சொல்ல ஆள் இருக்கவில்லை.

இரண்டு கிழமை வேலையை இரண்டு மாத வேலையாக்கினேன். நல்ல சுவரில் வெடிப்புக் கண்டுபிடித்தேன். திறந்து மூடிக்கொண்டிருந்த யன்னலை இறுகுகிறது என்றேன். கடைசியில் குசினி நிலம் மட்டும் மிஞ்சியது. சிவப்புச் சீமெந்து போட்டு, முகம் பார்க்கலாம் போல மினுக்கினார்.

"அக்கா, ஏழு நாளைக்குக் காலமையும் பின்னேரமும் தண்ணி விட வேணும். காயவிட்டால் வெடிச்சுப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விடவில்லை. மறந்துபோய் அல்ல. வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு குசினி வாசல்வரை போவேன். கொஞ்ச நேரம் நிற்பேன். திரும்பக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துவிடுவேன். வெடித்தால் வருவார்கள்தானே.

ஆறாம் நாள் அடுப்படியிலிருந்து கதவுவரை ஒரு கோடு ஓடியது. கவலைப்பட்ட குரலில் தொலைபேசி எடுத்தேன். அடுத்த நாள் காலையிலேயே இரண்டு பேரும் வந்தார்கள். அவர் குந்தியிருந்து வெடிப்பை விரலால் தடவினார்.

"தண்ணி விட்டனீங்களோ அக்கா?"

"ஓம், ரெண்டு நேரமும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் என்னைத் துளியும் சந்தேகப்படவில்லை. "அப்ப பிழை என்ர கையிலதான்" என்றார். கூலியும் வேண்டாம் என்று நிலத்தைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போட்டார். வேலை நடந்த மூன்று நாளும் பகிடி, சிரிப்பு இல்லை. உப்பைப் பற்றியும் ஒரு கதை இல்லை.

கடைசி நாள் பின்னேரம் சாந்துக் கரண்டியைக் கழுவி மனைவியிடம் நீட்டினார். "லிங்கநகரில புது வீடு கட்டக் கேட்டவைக்கு, எங்களுக்கு ஏலாது எண்டு சொல்லிவிடு. ஒரு குசினி நிலமே வெடிக்குதெண்டால், முழு வீட்டை நான் என்னெண்டு பொறுப்பெடுக்கிறது?" அவள் கரண்டியை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

மூன்று பிளேன்ரீயோடு நான் வாசலில் நின்றேன். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, உங்கட கையில பிழை இல்லை. நான் தண்ணி விடேல்லை."

"மறந்துபோனீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

வாயாடி என்று பேரெடுத்தவள் பிளேன்ரீத் தட்டைத்தான் அவர்கள் பக்கம் நீட்டினேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அவள் என் தட்டில் இருந்த மூன்று கோப்பைகளையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவருக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. அவள் கையிலிருந்து கரண்டியைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்து, மோட்டார் சைக்கிளை எடுத்தார். பிளேன்ரீயை இருவரும் தொடவில்லை. ஏறி இருந்த பிறகு அவள் மட்டும் திரும்பி, "இந்த முறை தண்ணி விடுங்கோ அக்கா" என்றாள்.

விட்டேன். ஏழு நாளும், காலையும் பின்னேரமும், ஒரு நேரம் தவறாமல். வழக்கம்போல மரக்கறித் தோலுக்கு வாசல் படலையடியில் வந்து நின்ற, ஊருக்குள்ளே திரியும் மான்களைத் தவிர வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. எட்டாம் நாள் தண்ணீரைத் தள்ளித் துடைத்துவிட்டு, அவர் குந்தியிருந்ததுபோலக் குந்தி, மூலை மூலையாகக் கையால் தடவிப் பார்த்தேன்.

அவருடையது நல்ல கை. ஒரு கீறல்கூட இல்லை. அவர்களைக் கூப்பிட இனி எனக்கு ஒரு காரணமும் இல்லை.