ஆடிப்பெருக்கன்று வந்த பெரியம்மா

என் அப்பா எதை விளக்கினாலும் தான் வேலை பார்த்த பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வழியாகத்தான் விளக்குவார். மழை ஏன் வரவில்லை என்று கேட்டால்கூடக் கொதிகலனில்தான் தொடங்குவார். அதனால் அம்மாவுக்கு வந்த நோயும் ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டித்தான் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்தது. அப்போது நான் நான்காம் வகுப்பு.

முதலில் அம்மாவின் கண் மஞ்சளானது. காமாலை என்று எல்லாரும் முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் குடித்தும் மஞ்சள் போகவில்லை. ரத்தம் எடுத்து, ஈரலில் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகு, கிருமி ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே அம்மாவின் ஈரலைக் கடிக்கின்றனவாம். அன்று மாலை அப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

“நம்ம ஷாப் கேட்டுல காவலுக்கு நிக்கிறாங்கல்ல? அவங்களே உள்ள பூந்து, வேலை பாக்குற ஆளைத் திருடன்னு அடிச்சா எப்படி இருக்கும்? அதான் அம்மா ஈரல்ல நடக்குது. அந்தக் காவலைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை.”

கல்லூரியில் படித்தபோது, அப்பா சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை என்று தெரிந்தது. ஈரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் ஊர்ந்து போகும் வெள்ளணு, குழாய்ச் சுவரின் துளை வழியே கை நீட்டி, அப்பால் இருக்கும் ஈரல் செல்லைத் தொட்டுப் பார்க்கும். நம்ம ஆள்தான் என்று தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். நாம் தின்பது குடிப்பது எல்லாம் ஈரல் வழியாகப் போவதால், அங்கே காவலுக்குப் பொறுமை அதிகம். அம்மாவின் ஈரலில் மட்டும் அந்தப் பொறுமை எப்படியோ கெட்டுவிட்டது.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கண் வெளுத்தது. கூடவே, அதே மாத்திரையால், முகம் ஊதத் தொடங்கியது. அந்த மாதங்களை நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் இருக்கிறது. சாயங்கால வெயில் ஜன்னல் திரையில் ஆடும். ஒர்க்‌ஷாப் சங்கு எங்கோ தொலைவில் ஊதும். அம்மா கட்டிலில் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கும்போது கன்னங்கள் மேலேறிக் கண்களை மூடிவிடும். பழைய அம்மா உள்ளே எங்கோ தூங்குகிறாள், ஒருநாள் எழுந்து வருவாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். முகத்தைக் காட்டினால் திறக்கும் அவள் போன்கூடத் திறக்க மறுத்தது. மண்ணச்சநல்லூர் மாமா வந்தபோது, தங்கச்சி நன்றாகப் பூசினாற்போல் இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார். அம்மா அன்று சாப்பிடவில்லை.

ஆடிப்பெருக்குக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போனோம், நானும் அம்மாவும் மட்டும். காவிரி இரு கரையும் நிறைந்து போனது. பூக்களும் காதோலை கருகமணியும் மிதந்தன. கண்ணை மூடி, அம்மா முகம் பழையபடி ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால், எதிரில் என் வகுப்புத் தோழி, அவளுடைய அம்மாவோடு நின்றாள்.

“உங்கம்மா வரலையா? இவங்க யாரு?” என்றாள் தோழி.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போது இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

“அம்மா வீட்ல இருக்காங்க. இவங்க எங்க பெரியம்மா.”

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது நகரவில்லை.

“ஆமாம்மா, ஊர்லேருந்து வந்திருக்கேன்” என்றாள் அம்மா. டப்பாவைத் திறந்து இருவருக்கும் புளியோதரை எடுத்துக் கொடுத்தாள். பெரியம்மா கைப்பக்குவம் நன்றாக இருப்பதாகத் தோழியின் அம்மா சொன்னார். திரும்பும் பஸ்ஸில் நான் அம்மா மடியில் தூங்கிப்போனேன்.

அதன் பிறகுதான் அதிசயம் நடந்தது. வாரத்துக்கு வாரம் அம்மாவின் கன்னம் வடிந்தது. நவராத்திரி வருவதற்குள் கண்கள் மறுபடி பெரிதாகத் தெரிந்தன. அப்பாவுக்கு அப்போது காலை ஷிப்ட், அம்மா மாத்திரை போடும் நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். டாக்டர் மாத்திரையைக் குறைத்திருப்பார், அதனால்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார். காவிரி என் வேண்டுதலைக் கேட்டுவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரு மாலை அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். தோழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

“இவங்கதான் எங்கம்மா.”

அம்மாவுக்கு அன்று இருந்த பூரிப்பை நான் மறக்கவே மாட்டேன். கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் நீர் கோத்து, யார் கூப்பிட்டாலும் மெதுவாகத்தான் திரும்பினாள். பிழைப்பாளா என்று டாக்டரே ஒரு வாரம் சொல்லவில்லை. பிழைத்தாள். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனால் ஈரலின் பாதி தழும்பாகிவிட்டது, அது இனித் திரும்பாது.

அவள் எழுந்து உட்கார்ந்த முதல் நாள், அப்பா அவளுடைய கைப்பையிலிருந்து பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“ஏன் நிறுத்தினே?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

“மறந்துட்டேங்க.”

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுப்பாட நோட்டை ஒருநாள் மறந்தாலே திட்டுகிறவள், இதைப் போய் மறப்பாளா? இனிமேல் தினமும் நானே மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன் என்று கண்டிப்பான குரலில் சொன்னேன். அம்மா சரி என்று தலையாட்டி, நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒன்பது வயதுப் பெருந்தன்மையோடு, அம்மாவின் மறதியை மன்னித்தேன்.