எட்டாவது அம்மனின் கண்

சிற்பியாக முன்னுக்கு வர என்ன வேண்டும் என்று கேட்டு இன்றும் யாராவது வருகிறார்கள். கல்லைத் தட்டி ஓசை கேட்க நல்ல காது, நல்ல கை, பொறுமை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். எனக்கு உதவியது ஒரு மனிதன் மேல் இருந்த ஆத்திரம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிற்பக் கல்லூரிப் படிப்பை முடித்து, செஞ்சியில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் சேர்ந்தேன். ராஜகிரிக்குப் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அவர் உளியைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கல் தேர்வதிலிருந்து மெருகு வரை நான். கோயில்காரர்களிடம் பேசுவது அவர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கண் திறப்பதுதான் உறுத்தியது. கருவிழியை மட்டும் செதுக்காமல் விட்டு, சிலையைக் கோயிலில் நிறுத்திய பிறகு, திரைக்குள்ளே அதைச் செய்தவனே திறக்க வேண்டும் என்பது முறை. திறந்தவனுக்குத்தான் பரிவட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கேயே தாம்பூலம் கொடுத்து அடுத்த சிலையைச் சொல்வார்கள். சிற்பிக்குப் பெயர் உண்டாவது அந்த இடத்தில்தான்.

அவருக்குக் கை நடுங்கும். அதனால் முதல் நாள் மாலையே நான் கருவிழியை வெட்டி, தேன்மெழுகால் மூடிவிட வேண்டும். மறுநாள் அவர் தங்க ஊசியால் மெழுகை வழித்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி வெளியே வருவார். இப்படி ஏழு சிலைகள், ஏழு பரிவட்டங்கள். ஏழாவதன்று ஒரு பெரியவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார்.

"கல்லு தூக்க வந்த ஆளு" என்றார் ஸ்தபதி.

எட்டாவது, தளவானூர்ப் பக்கம் ஓர் அம்மன். கண்ணை வெட்டாமல், வெறும் கல்லின் மேலேயே மெழுகை அப்பினேன்.

மறுநாள் திரைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். தங்க ஊசி வளைந்திருந்தது. கருங்கல்லில் ஒரு கீறலும் விழவில்லை.

"இன்னாடா, கண்ணே இல்லியே?"

"தொறக்கறது நீங்கதானே, ஸ்தபதி."

"மானத்த வாங்காதடா. உளி வெச்சிருக்கியா? வெட்டு, நான் மறைச்சிக்கினு நிக்கறேன்."

"வெட்டறேன். திரையை எடுங்க. ஊரு பாக்கட்டும்."

அவர் திரையோரம் நின்ற பூசாரியைப் பார்த்தார். முகூர்த்தம் தப்பினால் ஊர் தாங்காது என்றார் பூசாரி. கடைசியில் ஸ்தபதியே தன் கையால் திரைக் கயிற்றை இழுத்தார். மடியிலிருந்து எஃகு உளியை எடுத்து, ஊரார் முன்னால் இரண்டு கண்களையும் திறந்தேன். முடித்த பிறகு அம்மனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். நிதானமாகப் பார்த்தேன்.

பரிவட்டம் எனக்குக் கட்டினார்கள். இரண்டு ஊர்க்காரர்கள் தாம்பூலத்தோடு வந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அவரைத் தேடி வந்துகொண்டிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன. கொட்டகை மூடப்பட்டது. பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஆனாலும் முதல் ஏழு சிலைகள் அவர் பெயரில்தான் நிற்கின்றன. இந்த முழங்கால் வலியோடு பஸ் ஏறி, ஒவ்வொரு ஊராகப் போய், கண்ணைத் திறந்தது யார் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஐந்து ஊர் முடிந்தது. இன்னும் இரண்டு பாக்கி.