ஒரே கையில் இரண்டு உப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் வழியில், அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இருந்த ஒரு பழைய பங்களா. இப்போது அது எட்டு அறை உள்ள ஹோட்டல். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதில் வருகிற ஒருவருக்குச் சங்கடம்.

நான் ஹட்டன் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எதிலாவது குறை கண்டால் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டுக்காரர் நேர் எதிர். சோற்றில் கல் கடிபட்டாலும் துப்பிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பார். இருபத்தைந்து வருடமாக என் சமையலுக்கு அவர் தந்த சான்றிதழ் இந்த ஒன்றுதான்.

அந்த இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குத்தான், கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் இந்த ஹோட்டலில் ஒரு நாள் தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வருடக்கணக்காக பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்த பங்களா. உள்ளே போகப் போகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சேலை, இரண்டு நாள் கண் விழித்துத் தைத்த ரவிக்கை, வீட்டுக்காரருக்குச் சப்பாத்து. ஒரு நாளாவது யாரோ சமைத்துப் போட நாம் உட்கார்ந்து சாப்பிடுவோமே என்ற ஆசைதான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். வெளியே மழை. மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலிலிருந்து ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு வந்துகொண்டிருந்தது. இங்கே வந்தும் இந்தச் சத்தமா என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்தேன்.

பரிமாற வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் தொடுவதில்லை. அதனால் பருப்பும், வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸும் என்று மரக்கறி மட்டும் கேட்டேன். லீக்ஸ் கறி எப்படி இருக்கும் தம்பி என்று விசாரித்ததற்கு, “தெரியாதுங்க மேடம். நான் சாப்பிடல” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்காரன் தன் சரக்கைப் பற்றி இப்படியா சொல்வான்?

முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு வந்தது. தண்ணீரை மூன்று தடவை கேட்டு வாங்கினோம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு அந்த மனிதர் போகவில்லை. நாலடி தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்பளை வாயில் சோறு வைப்பதை இப்படியா உற்றுப் பார்ப்பது? கூச்சத்தோடு முதல் வாய் வைத்தேன்.

பருப்பு ஒரே உப்பு. கடல் தண்ணீரில் வேக வைத்த மாதிரி இருந்தது. சரி, லீக்ஸ் போட்டுப் பார்ப்போம் என்றால் அதில் உப்பே இல்லை. நான் முகத்தைச் சுளித்ததும் அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். மேசையில் உப்பு டப்பா இருக்கத்தான் செய்தது. போட்டுக்கொள்ளலாம், எடுக்க முடியுமா?

வீட்டுக்காரர் கோழிக்கறி சாப்பிட்டார். எப்படி என்றேன். “நல்லாத்தான் இருக்கு” என்றார், நாலாவது கிளாஸ் தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

எனக்குக் கோபத்தைவிட ஒரு குறுகுறுப்புதான் முதலில் வந்தது. சமைக்கத் தெரியாதவர் சமைத்தது இல்லை இது. தாளிப்பு அவ்வளவு பதம், லீக்ஸ் குழையாமல் வெந்திருந்தது. கைப்பக்குவம் தெரிகிறது, ஆனால் உப்பு மட்டும் ஒன்றில் மலை, ஒன்றில் மடு. ஒரே கை இரண்டு உப்புப் போடுமா?

குறுகுறுப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வாய் சும்மா இருக்குமா? வாசலில் விருந்தினர் கருத்து எழுதும் புத்தகம் இருந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. தமிழிலேயே ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். தாமதம், தண்ணீர், முறைத்துப் பார்த்தது எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில், ‘சமைத்தவருக்கு நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்று தயவுசெய்து விசாரிக்கவும்’ என்று முடித்தேன். எழுதிவிட்டு எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

மேனேஜர் ஒரு சிங்களப் பெரியவர். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. பரிமாறியவரையே கூப்பிட்டு வாசித்துச் சொல்லச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன். எப்படியும் மழுப்புவார், பிடித்துவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவர் ஒரு சொல்லை விடவில்லை. தன்னைப் பற்றி நான் எழுதியதையும் நாக்கைப் பற்றி எழுதியதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னார். 

மேனேஜர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். போன வெள்ளிக்கிழமையும் இதே முறைப்பாடு வந்ததாம். சமைப்பது ஒரு பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொழும்பிலிருந்து பதினெட்டுப் பேர் வருகிறார்கள், அவர்களும் குறை சொன்னால் திங்கட்கிழமை வேறு ஆளைப் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்குத் திக்கென்றது. சாப்பாட்டைத் திட்டத்தான் எழுதினேனே தவிர, ஒருத்தியின் வேலையைப் பறிக்க எழுதவில்லை.

அறைக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. அது என்ன வெள்ளிக்கு வெள்ளி? சாப்பிடல என்று ஏன் சொன்னார்? ஏன் என் முகத்தைப் பார்த்தார்? தன் தலைக்கே கத்தி வருகிற மாதிரி இருந்ததை ஏன் ஒரு வரி விடாமல் வாசித்தார்? “விடேன், படுத்துத் தூங்கு” என்றார் வீட்டுக்காரர். சுடுதண்ணீர் வாங்கப் போகிறேன் என்ற சாக்கில் பின்பக்கக் குசினிக்குப் போனேன்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது.

“மத்தியானம் அந்தம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“மொத வாயிலேயே சுருங்கிருச்சு மதினி. அதுக்கு மேல பார்க்கப் பயமா இருந்துச்சு.”

“பருப்புலயா, லீக்ஸ்லயா?”

“ரெண்டுலயும்தான்.”

நான் கதவைத் தள்ளிவிட்டேன். கரண்டியோடு திரும்பிய அந்தப் பெண்ணின் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய காப்புக் கயிறு. கையுறையைக் கழற்றி வைத்திருந்த அந்தத் தம்பியின் கையிலும் அதே காப்பு. அவர் இந்தப் பெண்ணின் கொழுந்தன். மலைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தானே. இரண்டு வருடம் காப்புக் கட்டிப் பால்குடம் எடுத்தவள்தானே. காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் வீட்டில் சுத்தமாகச் சமைத்ததைத் தவிர வெளிச்சாப்பாடு ஒரு பருக்கை நாக்கில் படக் கூடாது. மச்சம் புழங்குகிற குசினி என்றால் கேட்கவே வேண்டாம். காலையிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டும், பங்குனித் திருவிழா என்பது என் மண்டையில் ஏறவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை தீமிதி. போன வருடம் அந்தப் பெண்ணின் மகளுக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. பிள்ளை எழுந்து நடந்தால் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். பிள்ளை நடக்கிறாள். பத்து நாளாக எதையும் ருசி பார்க்காமல் கைக்கணக்கில் சமைக்கிறார்.

“அப்ப மத்த நாள்ல எப்படி சமாளிச்சீங்க?” என்று கேட்டேன்.

மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இன்னொரு பெண் தலையைத் தூக்கினார். கத்தோலிக்கர். மற்ற நாளில் அவர்தான் ருசி பார்ப்பது. “இது தவக்காலங்க. வெள்ளிக்கெழமை நான் ஒருசந்தி. ராத்திரி சிலுவைப்பாதை முடியிற வரைக்கும் வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல” என்றார், தப்புச் செய்துவிட்ட மாதிரி.

மேனேஜருக்கோ பிரஷர். அவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைக்கிறார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெள்ளிக்கிழமையானால் அந்தக் குசினியில் உப்புப் பார்க்க ஒரு நாக்குக் கிடையாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. சாப்பிடுகிறவர் முகத்தைத் தம்பி பார்ப்பார், ஓடி வந்து சொல்வார், அடுத்த மேசைக்குப் போவதற்குள் மதினி சரி செய்வார். மழைக்கு வேறு யாரும் வராததாலும், எங்கள் வீட்டுக்காரர் முகம் எதையும் காட்டாததாலும், அன்றைக்கு அகப்பட்ட ஒரே முகம் என்னுடையது.

மேனேஜர் மாத்தயாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

“ருசி பார்க்க மாட்டேன்னு சமையக்காரி சொன்னா யாருங்கம்மா வேலைக்கு வச்சுக்குவாங்க?” என்றார் சமைக்கிற பெண். 

தம்பியைப் பார்த்து, நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்றி வாசித்திருக்கலாமே என்று கேட்டேன். “காப்புக் கட்டின கையோட பொய் சொல்லக் கூடாதுங்களே மேடம்” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாக்கு இருக்கிறதா என்று கேட்டேனே. வேண்டுதலுக்காக நாக்கைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

சேலையைத் தூக்கிச் செருகினேன். “ராத்திரிக்கு நான் ருசி பார்க்குறேன், ஊத்துங்க” என்று உள்ளங்கையை நீட்டினேன். அந்தப் பெண் முதலில் மறுத்தார். விருந்தாளி குசினிக்குள் வரவே கூடாதாம். நான் நகர்ந்தால்தானே? பருப்பு, போஞ்சி, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றினார். கொஞ்சம் போடுங்க, போதும், இதில் தேங்காய்ப்பால் விடுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். குறை சொல்லச் சொல்ல ஒருவர் சந்தோஷப்பட்டதை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோழி வந்தது. எனக்கு வெள்ளிக்கிழமை. ஓடிப்போய் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“இன்னும் உப்பே போடலங்கண்ணே” என்றார் அந்தப் பெண்.

அவ்வளவுதான், பாத்திரம் கழுவுகிறவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். இருபத்தைந்து வருடத்து ரகசியமும் எனக்கு அன்றைக்கு வெளிச்சமாகிவிட்டது.

சிரித்து முடித்தபோது மணி ஆறரை. ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேர். எல்லோரும் கோழிச்சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் கையை நீட்டினேன்.

“வேணாங்கக்கா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா” என்று கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அம்மா என்று கூப்பிட்டவர் அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

“எனக்கு இது பழக்கம். உங்களுக்கு வேண்டுதல். ரெண்டும் ஒண்ணில்ல தங்கச்சி, ஊத்துங்க” என்றேன். மனதுக்குள் அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நக்கினேன். உப்புப் போட்டார், மறுபடியும் நக்கினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஏழு மணிக்கு அந்தக் கூட்டம் சாப்பிட உட்கார்ந்தது. தம்பி வழக்கம் போல நாலடி தள்ளி நின்று முகங்களைப் பார்த்தார். குசினிக் கதவு இடுக்கில் அந்தப் பெண்ணும் நானும் தம்பியின் முகத்தைப் பார்த்தோம். அந்தப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். காப்பிலிருந்த மஞ்சள் என் கையில் ஒட்டியது. முதல் வாய் போனது, இரண்டாவது போனது. தம்பி எங்கள் பக்கம் திரும்பி மெல்லத் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் கோழி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று மேசையிலிருந்து கேட்டார்கள். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கினார்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது கருத்துப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் நாள் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டால் என்ன என்று கை பரபரத்தது. பக்கங்களுக்கு நம்பர் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே, ‘ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு கட்டுப்பாடான சமையல்காரரை நான் பார்த்ததில்லை. மேலே எழுதியது அவசரத்தில் எழுதியது, அந்தத் தவறு என்னுடையது’ என்று எழுதினேன். தம்பி அதையும் ஒரு சொல் விடாமல் மேனேஜருக்கு வாசித்துக் காட்டினார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் அந்தப் பெண் ரவிக்கைத் துணியோடு என் கடைக்கு வந்தார். வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்களாம். பக்கத்தில் மகள், கடைப் படியில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு டப்பாவில் கோழிக்கறி கொண்டுவந்திருந்தார். நல்ல வேளை, அன்றைக்குப் புதன்கிழமை. நான் முதல் வாய் வைக்கும்போது நாலடி தள்ளி நின்று என் முகத்தையே பார்த்தார்.

“உப்பு ஒரு கல்லு கூடிருச்சு தங்கச்சி” என்றேன். என்னால் வேறு மாதிரிச் சொல்ல முடியாதே.

“தெரியுங்கக்கா, நானே ருசி பார்த்துட்டுத்தான் கொண்டாந்தேன். நீங்க சொல்றீங்களான்னு பார்க்கத்தான்” என்று சிரித்தார்.

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. சாப்பாடு சரியில்லை என்றால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், ஆனால் பேனாவைத் தொடுவதற்கு முன்னால் என் கால் தானாகக் குசினிப் பக்கம் போய், சமைத்தவரின் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறது.